விவசாயிகளை வாட்டும் குறுக்கு வலி

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி செய்யப்படுகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பகுதிகளில் பந்தல் திராட்சையும், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் வாழையும், மலைமேல் ஏலக்காயும் விளைகின்றன. பயிர் எதுவானாலும், அதன் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது வேலை செய்வோரின் முதுகெலும்பே ஆகும்.

நாற்று நடவும் களை எடுக்கவும் மணிக்கணக்கில் குனிய வேண்டும். திராட்சைப் பந்தலில் கவாத்து செய்வோரும் பழம் பறிப்போரும் தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை உயர்த்தியபடி நிற்க வேண்டும். ஏலக்காய் செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரங்களில் காய்ப்பதால், குனிந்தோ குந்தியோதான் எடுக்க முடியும். கம்பம் மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் சென்று திரும்பும் பெண் தொழிலாளர்களுக்கு மலைப்பாதைக் குலுக்கலும் சேர்ந்துகொள்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ல் உலகில் 61.9 கோடி பேர் கீழ்முதுகு வலியால் அவதியுற்றனர். இவ்வலியில் பெரும்பகுதி அறுவை சிகிச்சையின்றியே ஆறிவிடக் கூடியது. இதை அறியாமல் நகையையும் நிலத்தையும் அடகு வைத்துச் செலவு செய்வோர் ஒருபுறம். உடனே கவனிக்க வேண்டிய அறிகுறியை அலட்சியம் செய்து கால் செயலிழப்போர் மறுபுறம். இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கலாம்.

வலி ஏன் வருகிறது?

முதுகெலும்புத் தொடரில் கழுத்தில் 7, முதுகில் 12, இடுப்பில் 5 என எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றுக்குக் கீழே உள்ளவை ஒன்றாக இணைந்தவை. இரு எலும்புகளுக்கு இடையே ‘டிஸ்க்’ எனப்படும் தட்டு உள்ளது. இதன் வெளிப்புறம் உறுதியான நார் வளையம். உட்புறம் நுங்கு போன்ற மெத்தென்ற பொருள். வளர்ந்தவர்களின் தட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. உடல் அசையும்போது ஊறிச் செல்லும் நீரின் மூலமே அவை சத்துப் பெறுகின்றன. ஆகவே ஓயாத பாரமும் ஆகாது. ஓயாத படுக்கையும் ஆகாது.

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960, 70-களில் இடுப்புத் தட்டின் அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், மல்லாந்து படுக்கையில் 25, உட்காருகையில் 140, முன்பக்கம் குனிந்து நிற்கையில் 150, குனிந்து எடை தூக்குகையில் 220 எனக் கண்டறிந்தார். நாற்றங்காலில் ஒருநாள் முழுதும் குனிந்தவருக்குக் குறுக்குப் பிடித்துக்கொள்வதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

கீழ்முதுகு வலி கொண்ட பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்குத் தனி நோய் எதுவும் இருப்பதில்லை. தசையும் மூட்டும் தட்டும் களைப்புற்றதே காரணம். சிலருக்குத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். அப்போது வலி புட்டத்திலிருந்து தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை இறங்கும். கழுத்தில் இவ்வாறு நேர்ந்தால் வலி கைக்குப் பரவும்.

உடனே மருத்துவமனை செல்ல வேண்டியவை

1. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழிக்க முடியாமை.

2. தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போதல்.

3. காலோ கையோ நாளுக்கு நாள் பலம் குறைதல். நடக்கையில் பாதம் தரையில் இழுபடுதல்.

4. மரத்திலிருந்தோ பந்தலிலிருந்தோ விழுந்தபின் வரும் வலி.

5. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூங்கவிடாத வலி. இவை எலும்புக் காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முன்பு புற்றுநோய் வந்தவர்களும் இவ்வலியை அலட்சியம் செய்யக் கூடாது.

முதல் இரண்டு அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும். இந்நிலையில் அறுவை சிகிச்சையே காலைக் காப்பாற்றும். காசநோய் எனில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது.

சிகிச்சை முறைகள்

மேற்கண்ட அறிகுறிகள் இல்லையெனில் பதற்றம் வேண்டாம். கடும் வலியில் ஓரிரு நாள் வேலையைக் குறைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, பின் மெல்ல நடமாடத் தொடங்குவதே நன்று. வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தால் தசை வலுவிழந்து வலி நீடிக்கும்.

வலி மாத்திரையை மருத்துவர் சொற்படி சில நாட்கள் மட்டும் உட்கொள்ளலாம். கடைகளில் ‘செட் மாத்திரை’ வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் இதம் தரும். ஆனால் கால் மரத்திருக்கும்போது, பயிற்சியில்லாதவர்களைக் கொண்டு முதுகை மிதிக்கச் செய்வதும் முறுக்கச் செய்வதும் ஆபத்தாகும்.

நாட்பட்ட கீழ்முதுகு வலி குறித்து 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சிக்கும் நோய் பற்றிய விளக்கத்துக்கும் முதலிடம் தருகிறது. இடுப்புப் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் முறையையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

எடுத்த எடுப்பில் ஸ்கேன் தேவையில்லை. வலியே இல்லாத 50 வயதினரை ஸ்கேன் எடுத்தாலும் 100-ல் 60 பேருக்குத் தட்டு பிதுங்கியிருப்பது தெரிகிறது. இது 2015-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ஆகவே படத்தை மட்டும் பார்த்து அறுவைக்கு இணங்கலாகாது.

காலுக்கு இறங்கும் வலியும் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் தணியும். அதன்பின்னும் தணியாவிடில் ஊசி, அறுவை ஆகியவை பற்றி எலும்பு அல்லது நரம்பியல் அறுவை மருத்துவரிடம் ஆலோசிக்கலாம். ஊசி சில காலம் மட்டுமே வலியைக் குறைக்கும். அறுவை கால் வலியை விரைவில் நீக்கும். வெறும் முதுகு வலிக்கு அதன் பலன் குறைவு. உடனே அறுவை செய்துகொண்டோரும், காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் செய்துகொண்டோரும் ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரே நிலையை எட்டியதாக 2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. அறுவை தேவைப்படின், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

வேலை முறையில் மாற்றம்

எருதின் கழுத்தில் புண் கண்டால் விவசாயி நுகத்தடியைச் சரிசெய்கிறார். மருந்து மட்டும் தடவிவிட்டு அதே நுகத்தை மீண்டும் பூட்டுவதில்லை. தம் முதுகு விஷயத்திலும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

நெல்: வரிசை நடவு செய்து, நின்றபடி தள்ளும் கோனோ களைக் கருவியைப் பயன்படுத்தலாம். குனிந்து செய்யும் வேலையில் அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்துப் பின்பக்கம் ஐந்து முறை வளையவும்.

திராட்சை: பந்தல் எட்டாதவர்கள் அகலமான, ஆடாத முக்காலி மீது நின்று வேலை செய்தால் தலையை அண்ணாத்துதல் குறையும். கவாத்து செய்பவரும் கூடை எடுப்பவரும் மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

தெளிப்பான்: 16 லிட்டர் தெளிப்பான் நிரம்பினால் சுமார் 20 கிலோ இருக்கும். இடுப்பு உயரத் திண்டில் வைத்து நிரப்பி, அங்கிருந்தே இரு தோளிலும் மாட்டிக்கொள்ளவும். வலி உள்ளவர்கள் பாதி அளவே நிரப்புதல் நன்று.

மூட்டையும் வாழைத்தாரும்: யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. இருவர் சேர்ந்து தூக்குக. முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழ வேண்டும். சுமையோடு இடுப்பைத் திருப்பாமல், பாதத்தை நகர்த்தித் திரும்பவும்.

ஏலக்காய்: குறைந்த உயர மணையில் அமர்ந்து பறிக்கலாம். பை நிறையும்வரை காத்திராமல் அடிக்கடி கொட்டிவிடவும்.

எளிய பயிற்சிகள்

காலையில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மட்டும் பத்து முறை மெல்ல உயர்த்தி இறக்கவும். பின் ஒவ்வொரு முழங்காலாக மார்புக்குக் கொண்டுவரவும். மாலையில் அரைமணி நேரம் நடக்கவும். பயிற்சியின்போது வலி காலுக்கு இறங்கினால் நிறுத்தி, இயன்முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இவ்வசதி பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

அடுத்த நடவுக்கும் கவாத்துக்கும் கருவிகளைத் தயார் செய்யும்போதே, தெளிப்பானுக்கு ஒரு திண்டும் பந்தலுக்கு ஒரு முக்காலியும் அமைத்துக்கொள்வது இத்தொடக்கத்துக்குப் போதுமானது.