ஆஸ்துமாவும் நுரையீரலின் காவலர்களும்

இழுப்பு என்றும் இரைப்பு என்றும் வழங்கும் ஆஸ்துமா, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயெனச் சிலர் அஞ்சுகின்றனர். அது தொற்றுவதன்று. உடலைக் காக்க வேண்டிய உயிரணுக்கள் அளவு கடந்து வேலை செய்வதே இந்நோயின் மூலமாகும்.

நாம் இழுக்கும் காற்றுடன் தூசியும் கிருமிகளும் உட்செல்கின்றன. நுரையீரலின் காற்றறைகளிலுள்ள 'மாக்ரோபேஜ்' என்னும் உயிரணுக்கள் அவற்றை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. நலமுள்ளவரிடம் பெரும்பாலும் காரியம் அத்துடன் முடிகிறது.

ஆஸ்துமா உள்ளவர் பலரிடம் நடப்பது வேறு. தானியத் தூசியையோ பூந்தாதையோ உடல் பகையெனக் கருதி, 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. இப்புரதம் மூச்சுக் குழாயிலுள்ள 'மாஸ்ட்' உயிரணுக்களின்மீது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அதே தூசி மறுபடி வந்ததும், சில நிமிஷங்களில் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. குழாயின் தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது.

சில மணி நேரம் கழித்து, 'ஈசினோபில்' என்னும் வெள்ளணுக்கள் அங்கு வந்து கூடுகின்றன. உடலில் புகும் புழுக்களை எதிர்ப்பது இவற்றின் தொழில். புழுவில்லாத இடத்தில் இவை வெளியிடும் நச்சுப் பொருள் குழாயின் உட்தோலையே புண்ணாக்குகிறது. பகலில் தூசியில் உழைத்தவருக்கு இரவில் இழுப்புக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1956ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்களின் தூளும் சிலருக்கு இவ்வாறே ஆஸ்துமாவை உண்டாக்குவதுண்டு. எனவே சாயத்தூளை நிறுக்கும் நெசவாளரும், தானியம் தூற்றும் விவசாயியும், தூசி தடுக்கும் முகமூடி அணிதல் நலம். வேலை நாட்களில் இழுப்பும் ஓய்வு நாட்களில் சுகமும் காண்பவர், அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும்.

மருந்திலும் இரு வகையுண்டு. சால்புடமால் இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சுக்கு வழிவிடும். கலகம் செய்யும் உயிரணுக்களை அது அடக்காது. அவற்றை அடக்குவது, நாள்தோறும் உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு மருந்து. இழுப்பு நின்றவுடன் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். இழுப்பு நின்றாலும் குழாயின் வீக்கம் முற்றும் தணிந்திராது. மருந்து நின்றால் அது மீண்டும் வளரும். கடுமையான இழுப்பு உயிரையே பறிக்கவும் கூடும். ஆகையால் சுகமாயிருக்கும் நாளிலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.