நூலக வாசல்கள் – 9: ஊரே நடத்தும் வாசகசாலை

போன வாரம் சென்னையில் கன்னிமாரா நூலகத்தைப் பார்த்தோம். திருவனந்தபுரத்திலும் ஒரு கன்னிமாரா உண்டு. அது பாளையத்தில் இருக்கிற சந்தை. சென்னை மாகாண கவர்னராக இருந்த அதே கன்னிமாரா பிரபுவின் பெயர்தான் இதற்கும். சந்தை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினால், நடந்துபோகிற தூரத்திலேயே மாநில மத்திய நூலகம் வந்துவிடும்.

விக்டோரியா அரசியின் வைர விழா நினைவாக 1900-இல் எழுந்த கோதிக் பாணிக் கட்டடம். கட்டடத்தைவிட நூலகத்துக்கு வயது அதிகம். சுவாதித் திருநாள் மகாராஜா பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பேற்ற அதே 1829-ஆம் ஆண்டில் தொடங்கியது. முன்கை எடுத்தவர் அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் கடோகன். இந்தியாவின் முதல் பொது நூலகம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இங்கிலாந்தே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1850-இல்தான் என்பதை நினைத்தால் அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் தொடக்க காலத்தில் அது துரைமாரும் பெரிய உத்தியோகஸ்தர்களும் புழங்கிய இடமாகத்தான் இருந்தது. 1898-இல் அரசாங்கத்தின் கைக்கு மாறிய பிறகே சாதாரண ஜனங்களுக்கு வழி பிறந்தது. ஒரு நூலகம் எந்த ஆண்டில் பிறந்தது என்பதோடு, அதன் கதவு யாருக்கு எப்போது திறந்தது என்றும் கேட்க வேண்டும்.

இன்றைக்கு அந்தக் கேள்விக்கு இங்கே நல்ல பதில் கிடைக்கிறது. பத்திரிகைப் பகுதியில் ஓய்வுபெற்ற பெரியவர்கள், மேசைகளில் பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மலையாளம், ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதத்தோடு தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. பழைய அரசிதழ்களையும் அரிய நூல்களையும் மின்வடிவமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் வரலாற்றைத் தேடும் நாகர்கோவில்காரர் ஒருவர் இனி அதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் அந்த வரலாறு நமக்கும் உரியதுதான்.

தமிழ் அலமாரி முன் நிற்கும்போது இந்த ஊரில் வாழ்ந்து எழுதியவர்கள் ஞாபகம் வராமல் போகாது. மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை இங்கே பேராசிரியராக இருந்தவர். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். ஆ. மாதவன் சாலைத் தெருவில் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே எழுதினார். நீல. பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். நவீனத் தமிழ் இலக்கியத்தின் கணிசமான பகுதி மலையாள ஊரின் நடுவில் எழுதப்பட்டது.

தலைநகரத்து நூலகம் பெரிதாக இருப்பதில் அதிசயமில்லை. இந்தத் தொடருக்குத் திருவனந்தபுரத்தை நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்றுக்காக. நாகர்கோவில் சாலையில் நேமத்தைத் தாண்டி உள்ளே திரும்புங்கள். எந்த ஊர்ச் சந்திப்பிலும் டீக்கடைக்கும் ரேஷன் கடைக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம் கண்ணில் படும். ஓட்டுக் கூரையோ கான்கிரீட்டோ, முகப்பில் பெயர், தொடங்கிய ஆண்டு, பதிவெண். ஊரார் வாயனசாலை என்பார்கள். சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் போக வேண்டும். வாசல் பெஞ்சில் பத்திரிகை பக்கம் பக்கமாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்கும். உள்ளே ஒரு மேசையில் கேரம் போர்டு. சுவரில் அடுத்த கூட்டத்தின் அறிவிப்பு. கோடு போட்ட நீளப் பேரேட்டில் புத்தகத்தின் பெயர், உறுப்பினர் எண், எடுத்த தேதி, கொடுத்த தேதி. கணினி வந்த இடங்களிலும் அந்தப் பேரேட்டை விடாமல் வைத்திருப்பதைப் பார்த்தேன்.

இந்தக் கட்டடம் அரசாங்கத்துடையது என்றுதான் தமிழ்நாட்டிலிருந்து போகிற நாம் நினைப்போம். அது ஊருக்குச் சொந்தம். உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். பொதுக்கூட்டம் கூடித் தலைவரையும் செயலாளரையும் குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கை அந்தக் கூட்டத்தில்தான் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட நூலகங்களின் பிரதிநிதிகள் சேர்ந்து தாலுகா கவுன்சில், மாவட்டக் கவுன்சில், மாநில நூலகக் கவுன்சில் என்று மேல்மட்டம் வரைக்கும் தேர்தல் வழியாகவே போகிறார்கள். கவுன்சில் ஒவ்வொரு நூலகத்தையும் பார்வையிட்டுத் தரம் போடுகிறது. தரத்துக்கு ஏற்ப மானியம். மாநிலம் முழுக்க இப்படி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள்.

இதன் வேர் ஒரு பள்ளி ஆசிரியரிடம் இருக்கிறது. பி.என். பணிக்கர், 1909-இல் குட்டநாட்டு நீலம்பேரூரில் பிறந்தவர். பதினேழு வயதில், 1926-இல், சொந்த ஊரில் சனாதன தர்மம் என்ற பெயரில் ஒரு வாசகசாலை தொடங்கினார். 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி, திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை உருவாக்கினார். மாநாட்டைத் தொடங்கிவைத்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். கேரளம் பிறந்ததும் அதுவே கேரள கிரந்தசாலா சங்கம் ஆயிற்று. பணிக்கர் ஊர் ஊராக நடந்தார். வாசித்து வளருங்கள் என்பதுதான் அவர் போன இடமெல்லாம் சொன்னது. எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது 1975-இல் சங்கத்துக்குக் கிடைத்தது. 1991-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இந்த வாசகசாலைத் திண்ணைகளின் உழைப்பும் இருக்கிறது.

நடுவில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. 1977-இல் அரசு சங்கத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. ஜனங்கள் வளர்த்ததைப் பல வருஷம் அரசு வாரியம் ஆண்டது. 1989-இல் சட்டம் வந்து, 1994-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் பொறுப்பேற்ற பிறகே சாவி மறுபடியும் உறுப்பினர்களின் கைக்கு வந்தது. ஓட்டுப் போடும் உரிமையை விடாமல் கேட்டு வாங்கிய இந்தப் பகுதிதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது. பணிக்கர் 1995 ஜூன் 19-இல் காலமானார். அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாள் கேரளத்தில் வாசிப்பு நாள். அன்று தொடங்கி, நூலக இயக்கத்தின் இன்னொரு முன்னோடியான ஐ.வி. தாஸின் பிறந்தநாளான ஜூலை 7 வரைக்கும் பள்ளிக்கூடங்களிலும் வாசகசாலைகளிலும் வாசிப்பு விழா நடக்கும்.

நிகழ்ச்சிகளுக்குக் குறைவே இல்லை. குழந்தைகளுக்குப் பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி, புத்தக விவாதம், திரைப்படக் காட்சி, மருத்துவ முகாம். அகில கேரள வாசிப்புத் திருவிழா என்று மாநில அளவில் ஒரு போட்டி. முதலில் ஊர் நூலகத்தில் ஜெயிக்க வேண்டும், பிறகு தாலுகா, மாவட்டம், மாநிலம். விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் தயாராவதுபோல் இதற்கு நாவல் படித்துத் தயாராகிறார்கள். 2020 ஜூனில் பள்ளிகள் பூட்டிக் கிடந்து பாடமெல்லாம் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஓடியபோது, வீட்டில் டி.வி. இல்லாத பிள்ளைகளுக்கு வாசகசாலைகள் வகுப்பறைகளாயின. ஊரில் ஏற்கெனவே ஒரு பொது இடமும் அதைத் திறந்துவைக்கும் குழுவும் இருந்ததால்தான் அது முடிந்தது.

இவற்றிலெல்லாம் நான் நேரில் பார்த்து நெகிழ்ந்தது, வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் திட்டம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் என்று நூலகக் கவுன்சில் நடத்துவது. தோளில் கனத்த துணிப்பையோடு நூலகத்துப் பெண் ஒருவர் வீடு வீடாகப் போகிறார். நானும் கூடவே போனேன். ஒரு வீட்டுத் திண்ணையில் மூக்குக்கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருந்த பாட்டி, நீட்டிய புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“மோளே, இது ஞான் வாயிச்சதாணு.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டினார். ஆமாம், போன வருஷம் எடுத்திருக்கிறார். “அம்மே, எங்கில் இது நோக்கூ” என்று பைக்குள்ளிருந்து வேறு இரண்டை எடுத்துத் திண்ணையில் வைத்தார். பாட்டி இரண்டின் முதல் பக்கத்தையும் நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். முட்டி வலியால் படியிறங்க முடியாத ஒருவருக்குத் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாசலுக்கு வருகிறது. இதைவிட நல்ல நூலகச் சேவையை நான் பார்த்ததில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். கிராம நூலகர்களுக்குக் கிடைப்பது அலவன்ஸ் மட்டுமே. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. நூலகம் இவ்வளவு பேரின் அன்பில் நடக்கிறது என்பது அந்த நூலகரின் வயிற்றை நிரப்பாது. கமிட்டியில் அரசியல் கட்சிகளின் போட்டியும் உண்டு. அது எனக்கு உறுத்தலாகப் படவில்லை. நூலகத் தேர்தலில் ஜெயிக்க ஆசைப்படும் அளவுக்கு அந்த இடத்துக்கு மதிப்பிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1948-இல். அதற்கு உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கேரளத்தில் கட்டட வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 5 பைசா நூலக வரி. நம்மிடம் 10 பைசா. கேரள அரசு கல்வி பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை நூலகங்களுக்குத் தர வேண்டும் என்பது அங்கே சட்டத்தில் இருக்கிறது. நம்மிடம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அரசு ஊழியர்களான நூலகர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் நூலகங்களின் எண்ணிக்கை ஐயாயிரத்தை எட்டவில்லை. ஜனத்தொகையோ கேரளத்தைப்போல் இரண்டு மடங்கு. நம் கிளை நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வரவேண்டும், எந்த மணிக்குத் திறக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் வாசகன் இல்லை. வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டு, நூலகத்தை அரசாங்கத்திடம் விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டோம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். நம்மிடம் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் அது பெயரளவில் இருந்தாலும், சில ஊர்களில் அருமையாக நடக்கிறது. உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வாசகர் வட்டத்தில் பெயரைக் கொடுத்து, அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். கூட்டமே நடப்பதில்லை என்றால், நடத்தச் சொல்லி நாலு பேர் கையெழுத்தோடு நூலகரிடம் எழுதிக் கொடுங்கள்.

(தொடரும்)