மரம் நடச் சொன்ன மனிதர்

நமக்கு ஒரு பாலாறு இருப்பதுபோல் உக்ரைன் நாட்டிலும் ஒரு பாலாறு உண்டு. 'மொலோச்னா' என்று பெயர். 'மொலோகோ' என்றால் ருஷ்ய மொழியில் பால். அஸாவ் கடலை நோக்கி ஓடும் அந்தச் சின்ன நதியின் கரையில், இருநூறு வருஷங்களுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிதான். ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. அடுப்பெரிக்க விறகு கிடையாது. அங்கே குடியேறியவர்கள் நம் கிராமத்துப் பெண்களைப் போலவே சாணத்தைக் காயவைத்து எரித்துச் சமைத்தார்கள். எலும்பை உறைய வைக்கும் பனிக்காலத்தில் குளிர் காய்வதற்கும் அந்த வரட்டியேதான் துணை!

அந்தப் பொட்டலில் தோப்புத் தோப்பாக மரங்களை உண்டாக்கியவர் யோஹான் கோர்னீஸ் என்பவர். அவர் ராஜா அல்ல, மந்திரி அல்ல, பாதிரியார்கூட அல்ல. வேற்று தேசத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஒரு குடியானவர். தமது சபையில் ஒரு சாதாரண அங்கத்தினர். ஆனால் அவர் வண்டி வருகிறதென்றால் சோம்பேறிக் குடியானவனுக்கு வயிற்றைக் கலக்கும் என்பதையும் இப்போதே சொல்லி வைத்துவிடுகிறேன்.

அவருடைய ஜனங்களுக்கு 'மென்னோனைட்டுகள்' என்று பெயர். 1536-ம் வருஷம் கத்தோலிக்கக் குருப் பட்டத்தை உதறிவிட்டு வெளியேறிய மென்னோ சைமன்ஸ் என்பவரைப் பின்பற்றியவர்கள். இவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வயது வந்து, தானே விரும்பிக் கேட்பவருக்குத்தான். கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கையில் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். ஹாலந்தில் துன்புறுத்தப்பட்டு, டான்சிக் நகரத்தை அடுத்த விஸ்டுலா நதியின் சதுப்பு நிலங்களுக்கு ஓடி வந்தார்கள். நீரை வடித்துச் சேற்றை வயலாக்கினார்கள். வயலானதும் என்ன ஆயிற்று? "பட்டாளத்துக்கு ஆள் தராதவர்களுக்கு மேற்கொண்டு நிலம் எதற்கு?" என்று பிரஷ்ய சர்க்கார் கட்டுப்பாடுகள் போட்டது.

அதே சமயத்தில் ருஷ்யாவிலிருந்து அழைப்பு வந்தது. மகாராணி காத்தரீன், தெற்கே புதிதாகப் பிடித்த வெற்று நிலத்துக்கு நல்ல உழவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள். 1789-ல் முதல் கூட்டம் நீப்பர் நதிக்கரையில் கோர்ட்டிஸாவில் குடியேறியது. 1800-ல் ஜார் பால், இவர்களுக்கு என்றென்றைக்கும் ராணுவ சேவை கிடையாது என்று சாசனமே எழுதிக் கொடுத்தார்.

1804-ல் இரண்டாவது பெரிய கூட்டம் புறப்பட்டபோது கோர்னீஸ் குடும்பமும் மூட்டை கட்டியது. யோஹானுக்கு அப்போது பதினைந்து வயது. முதலில் கோர்ட்டிஸாவில் தங்கி, பிறகு மொலோச்னா கரையில் ஓர்லோஃப் என்ற கிராமத்தில் அவர்கள் வீடு கட்டினார்கள். குடும்பத்துக்கு 65 தெஸ்யாத்தின் நிலம். நம் கணக்கில் சுமார் 175 ஏக்கர். "அம்மாடி!" என்று மலைக்க வேண்டாம். மழை பொய்க்கும் சீமையில், பயிர் தெரியாத மண்ணில், அது அப்படியொன்றும் பெரிய சொத்தல்ல.

பையன் ஒரு வருஷம் மாவு மில்லில் வேலை பார்த்தான். பிறகு கிராமத்து விளைபொருள்களை வண்டியில் ஏற்றிக் கிரிமியாவின் பட்டணங்களுக்குக் கொண்டுபோய் விற்றான். 1811-ல் கல்யாணம், மறு வருஷமே ஓர்லோஃபில் சொந்தப் பண்ணை. அக்கம்பக்கத்தில் மேய்ச்சலுக்கு அலைந்துகொண்டிருந்த நொகாய் முஸ்லிம்களுடன் நட்புக் கொண்டார். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஆடுகளை அவர்களிடமே வாரத்துக்கு விட்டு, பெருகுகிற குட்டிகளில் பங்கு வைத்துக்கொண்டார். உயர்ந்த ரோமம் தரும் மெரினோ ஆடுகளை வாங்க 1824-ல் பீட்டர்ஸ்பர்க் வரையிலும், 1827-ல் ஜெர்மனியில் ஸாக்ஸனி வரையிலும் போய் வந்தார். ரயில் இல்லாத அந்தக் காலத்தில், குதிரை வண்டியில்!

இப்படிப்பட்ட மனிதரைச் சர்க்கார் சும்மா விடுமா? 28 வயதிலேயே புதிதாக வருகிறவர்களைக் குடியேற்றும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். 1830-31-ல் மரமும் தோட்டமும் பட்டுப்பூச்சியும் வளர்ப்பதற்காக ஒரு சங்கம் ஏற்பட்டபோது ஆயுள் வரைக்கும் அவரே தலைவர். இத்தனை பழமரம், இத்தனை காட்டுமரம், பட்டுப்பூச்சிக்கு இத்தனை மல்பெரி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் உத்தரவு போயிற்று. 1833-ல் கடும் வறட்சி, பஞ்சம். அதற்குப் பிறகு கோர்னீஸ் இன்னொன்றையும் வற்புறுத்தினார்: நிலத்தை நாலு பங்காக்கி, ஒரு பங்கை அந்த வருஷம் விதைக்காமல் உழுது மட்டும் போட்டுவை. "சோறு போடும் நிலத்தைச் சும்மா போடுவதா?" என்று வாயிலடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் உழுது போட்ட மண்ணில் ஈரம் தங்கியது. அடுத்த வருஷத்துக் கோதுமை அதைச் சொல்லிற்று.

நல்ல காரியந்தானே, இதில் என்ன சச்சரவு என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மென்னோனைட் சபையில் தப்புச் செய்தவனைத் தண்டிக்கப் போலீஸ் கிடையாது. கூப்பிட்டு வைத்துப் புத்தி சொல்வார்கள். கேட்காவிட்டால் சபையை விட்டு விலக்கி வைப்பார்கள். மனம் திருந்தி வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் அவர்கள் ஆயுதம். கோர்னீஸின் சங்கத்துக்கோ சர்க்காரின் பலம் இருந்தது. பண்ணையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாதவனிடமிருந்து அதைப் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுக்க முடியும். ஜில்லா ஆபீஸில் கட்டாய வேலையும் கசையடியும்கூட உண்டு. யார்மேலும் கை ஓங்கக் கூடாது என்பதற்காக மூன்று தேசம் மாறி வந்த ஜனங்கள், ஆப்பிள் கன்றுக்காக அடி வாங்குவதா?

யாக்கோபு வார்க்கென்டின் என்ற மூப்பர் இதைத்தான் கேட்டார். அங்கே இருந்த சபைகளுக்குள் மிகப் பெரியது அவருடையது. இன்று மரத்துக்கு உத்தரவு போடுகிறவன் நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் போடுவான், அப்புறம் சபைக்கும் போடுவான் என்பது அவர் பயம். பழமைப் பித்து என்று அவரைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவர் பயந்தது அப்படியே நடந்தது! 1842-ல் சர்க்கார் அதிகாரிகள் வார்க்கென்டினை மூப்பர் ஸ்தானத்திலிருந்து நீக்கினார்கள். சபையார் தாமே தேர்ந்தெடுத்த பெரியவரைச் சர்க்கார் நீக்குவது என்பது அந்த ஜனங்கள் கனவிலும் எண்ணாத காரியம். அவருடைய சபை மூன்றாக உடைந்தது. மறு வருஷம் பள்ளிக்கூடங்கள் எல்லாம் கோர்னீஸின் சங்கத்தின் கைக்கு வந்தன. 1847-ல் ஹைன்ரிஹ் வீன்ஸ் என்ற இன்னொரு மூப்பரை நாட்டை விட்டே வெளியேற்றிவிட்டார்கள்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, கோர்னீஸ் கையில் வந்த பிறகு அவை முன்பைவிடச் சீரடைந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. நிலமில்லாத கைத்தொழிலாளிகளுக்கென்று 1842-ல் தனி ஊர் ஏற்படுத்தினார். கஷ்டத்தில் இருந்த ஹட்டரைட் கூட்டத்தாரை அதே வருஷம் மொலோச்னாவுக்கு அழைத்து வந்து நிலத்தில் அமர்த்தினார். நொகாய்களுக்காக மாதிரிக் கிராமம் அமைத்தார். அவர் தம் சபையை விட்டு விலகவும் இல்லை. அவருடைய ஓர்லோஃப் சபை அவரைக் கைவிடவும் இல்லை. மரம் விஷயத்தில் அவர் கட்சிதான் என் கட்சியும். மூப்பர்கள் விஷயத்தில் மட்டும் என்னால் அவர் பக்கம் நிற்க முடியவில்லை.

1848 மார்ச்சில், அறுபது வயது நிறையுமுன், கோர்னீஸ் காலமானார். சங்கத்தின் தலைமைக்கு அவருடைய மாப்பிள்ளை பிலிப் வீபெ வந்தார். பண்ணையைப் பங்கு போடக் கூடாது என்ற சட்டம் இருந்ததால், ஒரு மகனுக்கு நிலம், மற்றவர்கள் வெறுங்கை என்ற நிலை முற்றி, 1860-களில் மொலோச்னாவில் பெரிய சண்டையே மூண்டது. அது ஓய்வதற்குள் அடுத்த இடி. என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுத்த ராணுவ விலக்கை ருஷ்ய சர்க்கார் 1870-களில் ரத்து செய்யக் கிளம்பிற்று. 1874 முதல் ருஷ்ய மென்னோனைட்டுகளில் மூன்றில் ஒரு பங்கினர் மறுபடி மூட்டை கட்டி, கப்பலேறி, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள்.

அந்த மூட்டைகளில் கோதுமை விதையோடு மல்பெரி விதையும் போயிற்று. இந்தத் தடவை யாரும் உத்தரவு போடவில்லை. கான்சாஸ், நெப்ராஸ்கா புல்வெளிகளில் மரம் இல்லாததைப் பார்த்து அவர்களாகவே விதைத்தார்கள். அந்த மரத்துக்கு அங்கே இன்றும் 'ருஷ்ய மல்பெரி' என்றுதான் பெயர்.