எந்தப் பங்கு என்பது பாதிக் கேள்விதான்

கரூரில் 1926-ல் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27-ம் தேதி டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டிருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. வங்கியின் மொத்தப் பங்கு மூலதனமும் நீக்கப்பட்டது. டீமேட் கணக்கில் இருந்த பங்குகள் மதிப்பே இல்லாமல் போயின.

பங்குதாரர்கள் எல்லோருக்கும் விழுந்த அடி ஒன்றுதான். ஆனால், வலி ஒன்றாக இருந்திருக்காது. மொத்தப் பங்கு முதலீட்டில் 2 சதவிகிதம் மட்டும் அதில் வைத்திருந்தவர் முணுமுணுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். 'நம்ம ஊரு பேங்க், எங்கே போயிடப்போகுது' என்று பாதிப் பணத்தை அதிலேயே போட்டிருந்தவருக்கு முதலுக்கே மோசம். இரண்டு பேரும் வாங்கியது ஒரே பங்கு. எவ்வளவு வாங்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

முதலீட்டாளர் கூட்டங்களில் மைக்கைக் கையில் வாங்கும் பலரும் முதலில் கேட்பது, "எந்தப் பங்கு வாங்கலாம் சார்?" என்றுதான். வாங்கிய பிறகு வரும் கேள்விகள்தான் பணத்தைக் காப்பாற்றுகின்றன. அவற்றில் அடிக்கடி கேட்கப்படும் சிலவற்றைப் பார்ப்போம். ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் விடை 'எவ்வளவு' என்பதில் போய்த்தான் நிற்கும்.

எத்தனை பங்குகள் வைத்திருக்கலாம்?

அமெரிக்காவில் 1968-ல் ஜான் எவன்ஸ், ஸ்டீபன் ஆர்ச்சர் என்ற இருவர் செய்த ஆய்வு, சுமார் 10 பங்குகளிலேயே பரவலாக்கத்தின் பெரும்பயன் கிடைத்துவிடும் என்றது. 1987-ல் மெயர் ஸ்டேட்மன் என்ற ஆய்வாளர், 'குறைந்தது 30 வேண்டும்' என்றார். நிபுணர்களே ஒத்துப்போகாத எண்ணிக்கை இது. சாதாரண முதலீட்டாளர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது, எத்தனை நிறுவனங்களின் காலாண்டு முடிவுகளை நம்மால் படிக்க முடியும் என்பதை. வேலைக்குப் போகிறவருக்கு 15, 20-க்கு மேல் தாங்காது. அதற்கும் நேரம் இல்லையென்றால் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும்.

எண்ணிக்கையைவிட அளவு முக்கியம். ஒரு பங்கில் வாங்கும்போது 5 சதவிகிதம், வளர்ந்தாலும் 10 சதவிகிதத்துக்கு மேல் விடுவதில்லை, ஒரே துறையில் 25 சதவிகிதத்தைத் தாண்டுவதில்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். இது சட்டமல்ல, அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். வரம்பு என்று ஒன்று இருக்க வேண்டும், அதை வாங்குவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

துறை வரம்பில் பலர் சறுக்குகிறார்கள். மூன்று வங்கிகள், இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனிகள், ஓர் இன்ஷூரன்ஸ் என்று ஆறு பெயர்கள் இருந்தாலும், வட்டி விகிதமும் வாராக்கடனும் மாறினால் ஆறும் சேர்ந்துதான் ஆடும். போதாக்குறைக்கு, நிஃப்டி 50 குறியீட்டிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைதான். இண்டெக்ஸ் ஃபண்டும் வைத்திருப்பவர் அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

விலை இறங்கிவிட்டது... ஆவரேஜ் பண்ணலாமா?

யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்ட்டில் 400 ரூபாயைத் தொட்டது. ஒருவர் அப்போது 100 பங்குகளை 40,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். விலை 200-க்கு வந்ததும் 'பாதி விலையில் கிடைக்குதே' என்று இன்னொரு 100. விலை 100 ஆனபோது 200 பங்குகள். 50 ஆனபோது 400 பங்குகள். இப்போது அவரிடம் 800 பங்குகள். சராசரி விலை 125 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், 40,000 ரூபாய் ரிஸ்க் எடுக்க நினைத்தவர் ஒரு லட்ச ரூபாயை உள்ளே தள்ளிவிட்டார்.

2020 மார்ச் 5-ம் தேதி ரிசர்வ் வங்கி யெஸ் பேங்கை முடக்கத்தில் வைத்தது. அடுத்த நாள் பங்கு 10 ரூபாய்க்கும் கீழே போய்வந்தது. மறுசீரமைப்புத் திட்டம் இன்னொரு பூட்டும் போட்டது. 100 பங்குகளுக்குக் குறைவாக வைத்திருந்தவர்களைத் தவிர மற்றவர்கள், தங்கள் பங்குகளில் 75 சதவிகிதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாது. முதலில் வாங்கிய 100 பங்குகளோடு நின்றிருந்தால் அந்தப் பூட்டில் சிக்குவது அதிகபட்சம் 75 பங்குகள்தான். ஆவரேஜ் செய்ததால் 800-ல் 600 பங்குகள் உள்ளே மாட்டிக்கொண்டன.

ஆவரேஜ் செய்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி போடுவதும் ஒருவகை ஆவரேஜ்தான். ஆனால், குறியீட்டில் விழுந்த நிறுவனத்துக்கு இடமில்லை. யெஸ் பேங்க்கூட 2020 மார்ச்சில் நிஃப்டி 50-லிருந்து வெளியேற்றப்பட்டது. தனிப்பங்கில் அந்த வெளியேற்றும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். எனவே, இறங்கும் பங்கில் மேலும் பணம் போடுமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். விலை மட்டும் இறங்கியிருக்கிறதா, தொழிலும் இறங்கியிருக்கிறதா? புதிதாகப் போடும் பணத்தையும் சேர்த்தால் நாம் எழுதிவைத்த வரம்பைத் தாண்டுகிறதா? வரம்பைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

எப்போது விற்பது?

"வாங்கின விலைக்கு வந்தா போதும், வித்துட்டு வெளிய வந்துடுவேன்." பங்குச் சந்தையில் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அக்கறை இல்லை.

இந்த மனநிலையை அமெரிக்கப் பேராசிரியர் டெரன்ஸ் ஓடியன் அளந்து பார்த்தார். 1987 முதல் 1993 வரை 10,000 புரோக்கிங் கணக்குகளை அவர் ஆராய்ந்தபோது, லாபத்தில் இருந்த பங்குகளை ஓடோடி விற்றவர்கள், நஷ்டத்தில் இருந்தவற்றை விடாமல் பிடித்திருந்தது தெரியவந்தது. அவர்கள் விற்ற லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவிகிதப் புள்ளிகள் அதிகமாக வளர்ந்தன.

அதற்காக எந்நேரமும் வாங்கி விற்பதும் தீர்வல்ல. ஓடியனும் பிராட் பார்பரும் சேர்ந்து 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 11.4 சதவிகிதம். அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9 சதவிகிதம்.

விற்பதற்கு மூன்று காரணங்கள் போதும். எந்தக் காரணத்துக்காக வாங்கினோமோ அது பொய்த்துப்போனது. பங்கு நம் வரம்பைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வீட்டுக்குப் பணம் தேவை. முதல் காரணத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. இந்தப் பங்கு இன்று கையில் இல்லை, அதன் மதிப்பு ரொக்கமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையில் இதையே வாங்குவீர்களா? மாட்டேன் என்றால் வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை.

லட்சுமி விலாஸ் வங்கி விஷயத்தில் அறிகுறிகள் ஒளிந்திருக்கவில்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு. அக்டோபரில் இந்தியாபுல்ஸ் ஹவுஸிங் ஃபைனான்ஸுடனான இணைப்புக்கு அனுமதி மறுப்பு. 2020 செப்டம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்களே ஏழு இயக்குநர்களை நிராகரித்தது. எல்லாம் செய்தித்தாளில் வந்தவை. விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 'இதுக்குமேல எங்க இறங்கப்போகுது' என்றுதான் தோன்றியிருக்கும்.

சந்தையே விழுந்தால் என்ன செய்வது?

2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளிகள், அதாவது 13 சதவிகிதத்துக்கும் மேல் விழுந்து 25,981-ல் முடிந்தது. ஜனவரியில் தொட்டிருந்த 42,000-ஐ நவம்பரிலேயே மீண்டும் எட்டிவிட்டது. 2008-ல் கதை வேறு. ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் 2009 மார்ச்சில் சுமார் 8,000 வரை வந்தது. திரும்ப 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆனது. அடுத்த வீழ்ச்சி இதில் எந்த வகை என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, ஐந்தாண்டுக்குள் தேவைப்படும் கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு, வீட்டுக்கான முன்பணம் ஆகியவை பங்குகளில் இருக்கக் கூடாது.

மீதிப் பணத்துக்கு சதவிகிதத்தைவிட ரூபாயில் கணக்குப் போடுவது நல்லது. குடும்பச் சேமிப்பு 20 லட்சம், அதில் பங்குகளில் 10 லட்சம் என்றால், 40 சதவிகித வீழ்ச்சி என்பது 4 லட்ச ரூபாய். அந்த 4 லட்சம் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? முடியாது என்றால் குறைக்க வேண்டியது சந்தை நன்றாக இருக்கும்போதுதான்; விழுந்த பிறகல்ல. பாதிக்குப் பாதி என்று முடிவு செய்தவர், பங்குகள் வளர்ந்து 60 சதவிகிதம் ஆனால் அதிகப்படியை விற்று டெபாசிட்டுக்கு மாற்றலாம். 40-க்கு வந்தால் டெபாசிட்டிலிருந்து எடுத்துப் பங்குகளில் போடலாம். ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் போதும்.

பங்கை அடமானம் வைத்து எஃப் அண்ட் ஓ-வில் மாத வருமானம் பார்க்கலாமா?

எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் வர்த்தகம் பற்றி, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வே இதற்குப் பதில். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவிகிதத்தினர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பல ஆண்டுகள் சேர்த்த பங்குகளை இதற்கு மார்ஜினாகக் கொடுத்தால், நஷ்டம் வரும்போது விற்கப்படுவது அந்தப் பங்குகள்தான். இங்கே 'எவ்வளவு' என்ற கேள்விக்கு, பெரும்பாலானவர்களுக்குச் சரியான விடை பூஜ்யம்.

லாபமா, நஷ்டமா... எப்படித் தெரிந்துகொள்வது?

ஐந்தாண்டுக்கு முன் போட்ட ஒரு லட்சம் இன்று ஒன்றரை லட்சம். 50 சதவிகித லாபம் என்று ஆப்பில் பச்சையாக மின்னும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது வெறும் 8.4 சதவிகிதம். இடையிடையே போட்டும் எடுத்தும் இருந்தால், அந்தத் தேதிகளையும் கணக்கில் கொள்ளும் எக்ஸ்ஐஆர்ஆர் முறையில் கணக்கிட வேண்டும். பெரும்பாலான ஆப்களிலும் எக்ஸெலிலும் அந்த வசதி உண்டு. கிடைத்த எண்ணை, டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் நிஃப்டி 50 டிஆர்ஐ குறியீட்டோடு ஒப்பிடுங்கள். நாலைந்து ஆண்டுகள் தொடர்ந்து பின்தங்கினால், தனிப்பங்குகளுக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்து இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாறுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

விற்றால் எவ்வளவு வரி?

2024 ஜூலை 23 முதல், பட்டியலிடப்பட்ட பங்குகளை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவிகிதம். 12 மாதங்களுக்குள் விற்றால் 20 சதவிகிதம். 3 லட்ச ரூபாய் நீண்டகால லாபத்துக்கு வரி 21,875 ரூபாய்; அதே தொகை குறுகியகால லாபமாக இருந்தால் 60,000 ரூபாய். இரண்டிலும் செஸ் தனி.

டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். குறுகியகால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். ஆனால், கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்தச் சலுகை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எனக்குப் பிறகு?

கூட்டங்களில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இது. நாமினி போட்டிருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நாமினி என்பவர் பங்குகளைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை யாருக்கு என்பதை உயிலும் வாரிசுச் சட்டமும்தான் முடிவு செய்யும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, நாமினியும் வேண்டும், உயிலும் வேண்டும்.

வீட்டில் யாருக்கும் தெரியாத பங்குகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் கோரப்படாமல் கிடந்தால், அந்தப் பங்குகளே மத்திய அரசின் ஐஇபிஎஃப் அமைப்புக்கு மாற்றப்பட்டுவிடும். திரும்ப வாங்கலாம், அலைச்சல்தான் மிச்சம். பீரோவில் பழைய காகிதப் பங்குச் சான்றிதழ்கள் இருந்தால் தள்ளிப்போடாமல் டீமேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் போதும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெபாசிட்டரி மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு பங்குக்கும் எதிரே இரண்டு விவரங்களை எழுதுங்கள்: மொத்தத்தில் எத்தனை சதவிகிதம், ஏன் வைத்திருக்கிறேன். வரம்பைத் தாண்டியதைக் குறைக்கலாம். இரண்டாவது விவரத்துக்கு எழுத ஒன்றும் வராத பங்கைத்தான் முதலில் விற்க வேண்டும். எழுதும்போது கணவனோ மனைவியோ பக்கத்தில் இருக்கட்டும். பணம் இரண்டு பேருடையது.