அடங்காத பிள்ளையும் ஊரடங்கும்



"சரியான வாலு", "ஒரு இடத்துல உட்கார மாட்டான்", "சொன்னா காதுலயே ஏறாது" என்று தினமும் திட்டு வாங்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் சிலருக்கு இருப்பது திமிர் இல்லை. அதற்குக் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று பெயர். சுருக்கமாக ஏ.டி.எச்.டி. உலகத்தில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இது உண்டு.

இது ஏன் வருகிறது?

மூளையில் கவனத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்தும் பகுதி இவர்களுக்குக் கொஞ்சம் வேறு விதமாக வேலை செய்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வரும். அம்மா அப்பா வளர்ப்பு சரியில்லை என்று சொல்வது தவறு. அதுக்காக சேட்டை செய்கிற எல்லாருக்கும் இது இருக்குன்னு நினைக்காதீங்க! 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிந்தால்தான் டாக்டர் உறுதி செய்வார். பெண் பிள்ளைகள் பலர் ஓடியாட மாட்டார்கள். சும்மா ஜன்னலையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். அதனால் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

ஊரடங்கில் என்ன ஆச்சு?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்தவர்களுக்கும் நம்மைப் போலத்தான் வயது. அடுத்த ஆண்டு ஒன்பதுக்கு வந்தவர்களுக்கு 2021 பிப்ரவரி 8-ல்தான் பள்ளி திறந்தது. மார்ச் 22-ல் மறுபடி மூடி, செப்டம்பர் 1-ல் திறந்தார்கள்.

நம்ம ஊர் தறியில் பாவு இழுத்துக் கட்டியிருந்தால்தான் ஊடை நிற்கும். பள்ளி மணி, பாடவேளை, விளையாட்டு பீரியடு எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குப் பாவு மாதிரி. அது அறுந்ததும்,

1. தூங்கும் நேரம், எழும் நேரம் மாறியது.
2. ஓடியாட இடம் இல்லை. தறி போட்ட வீட்டில் பாதி இடம் தறிக்கே போய்விடும்.
3. செல்போனிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் பாடம். பக்கத்தில் நின்று "இங்க பாரு" என்று சொல்ல டீச்சர் இல்லை.
4. டாக்டரிடம் போவதும் மாத்திரை வாங்குவதும் பலருக்குக் கஷ்டமானது.

ஆனால் ஒரு ஆச்சரியம்! பிரான்சு நாட்டில் 2020-ல் 500-க்கும் மேற்பட்ட பெற்றோரைக் கேட்டார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் மோசமானார்கள். இன்னொரு பங்கு அப்படியே இருந்தார்கள். மீதிப் பேர் முன்பைவிட நன்றாக இருந்தார்கள்! பள்ளியின் நெருக்கடி இல்லை, தன் வேகத்தில் படிக்கலாம் என்பதுதான் காரணம்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன், பள்ளி திறந்தும் போகவே இல்லை. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று கடை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு என்ன பிரச்சினை என்று எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. இப்படி எத்தனை பேரோ!

நாம் என்ன செய்யலாம்?

* பட்டப்பெயர் வைக்காமல் இருக்கலாம்.
* வீட்டுப்பாடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்துச் செய்ய உதவலாம்.
* ஆசிரியர்கள் முன் பெஞ்சில் உட்கார வைத்து, சாக்பீஸ் எடுத்து வர, நோட்டு அடுக்க எழுப்பி விடலாம்.
* பெற்றோர் 14416 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். 2022-ல் தொடங்கிய இந்த 'டெலி மனஸ்' சேவையில் தமிழிலேயே பேசலாம்.

இது சோம்பேறித்தனம் அல்ல. உதவி கிடைத்தால் இவர்களும் நன்றாகப் படிப்பார்கள். நம் வகுப்பில் இருந்து ஒருவர்கூட "படிப்பு ஏறாது" என்று நின்றுவிடக் கூடாது.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி