கண்ணாடிக்கு அப்பால் அண்ணன்

என் அண்ணன் இரண்டரை ஆண்டுகள் சாங்கிச் சிறையில் இருந்தார். அவர் உள்ளே சென்றபோது நான் உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவி.

என்ன குற்றம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவர் சொல்ல வேண்டிய கதை. வெளியே இருந்த நாங்கள் அவருடனான உறவு அறுந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் வகுப்பிலும் இதே நிலையில் ஒருவர் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம்.

சில நிமிடங்களில் என்ன பேசுவது?

மாதத்தில் கிடைப்பவை ஓரிரு சந்திப்புகள்தான். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். நேரடிச் சந்திப்பில் நடுவே கண்ணாடி இருக்கும். தொலைபேசியில்தான் பேச வேண்டும். தொலைச்சந்திப்பு என்றால் திரையில் முகம் பார்க்கலாம்.

முதல் சந்திப்பில் அம்மா அழுததிலேயே பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரம் அண்ணன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பேருந்தில் போகும்போதே நானும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டோம்: வீட்டுச் செய்தி இரண்டு, அவரிடம் கேட்க வேண்டியது இரண்டு, சிரிக்க ஒன்று.

தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோக முடியாது. ஆனால், பாட்டி மாவு பிழியும்போது அச்சு உடைந்து, அந்த ஆண்டு முறுக்கெல்லாம் பகோடாவான கதையைக் கொண்டுபோகலாம். உள்ளே நாள்கள் ஒன்றுபோலவே கழிகின்றன. எங்கள் புளோக்கின் கீழே பூனை குட்டி போட்டதுகூட அவருக்குப் பெரிய செய்தி.

ஒரே தேர்வு, இரண்டு மாணவர்கள்

சந்திப்புகளுக்கு இடையே கடிதங்கள் எங்களுக்குக் கைகொடுத்தன. அவற்றைச் சிறை அதிகாரிகளும் பார்வையிடுவார்கள் என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும்.

சிறைக்குள்ளேயே பள்ளி உண்டு. அங்கு படிப்பவர்கள் சாதாரண நிலைத் தேர்வு எழுதலாம். நான் உயர்நிலை நான்கில் படித்த ஆண்டில் அண்ணனும் அதே தேர்வுக்குத் தயாரானார். கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டால் எனக்கு எழுதுவார். நான் படிப்படியாகப் போட்டு அனுப்புவேன். என் பதில் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் அவரே விடையைக் கண்டுபிடித்திருப்பார். ஆனாலும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

எனக்குக் கோபமும் இருந்தது. ‘அம்மா இப்போது இரண்டு வேலை பார்க்கிறார், தெரியுமா அண்ணா?’ என்று ஒரு கடிதத்தில் கேட்டேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. ‘தெரியாது. இனி எதையும் மறைக்காதே’ என்று எழுதியிருந்தார். அன்பு இருக்கும் இடத்தில் கோபம் இருக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கியது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

வெளியே இருக்கும் சிறை

சிங்கப்பூரில் மஞ்சள் நாடா திட்டம் 2004ஆம் ஆண்டு தொடங்கியது. விடுதலையான பின்னரும் ஒருவரைச் சமூகத்தின் சந்தேகப் பார்வை அடைத்துவைப்பதை அத்திட்டம் ‘இரண்டாம் சிறை’ என்று குறிப்பிடுகிறது. அந்தச் சிறை குடும்பத்தாருக்கு முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. திருமண வீட்டில் “பெரியவன் எங்கே?” என்று யாராவது கேட்டால் அம்மாவின் முகம் மாறும்.

நான் முதலில் பள்ளி ஆலோசகரிடம் சொன்னேன். பிறகு ஒரே ஒரு தோழியிடம் சொன்னேன். “என்ன செய்தார்?” என்று அவள் கேட்கவில்லை. “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். உங்கள் நண்பர் இப்படி ஒன்றைச் சொன்னால் அந்த ஒரு கேள்வி போதும். செய்தியை வேறு யாருக்கும் அனுப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வீடு திரும்பிய பிறகு

தண்டனையின் கடைசிப் பகுதியை அண்ணன் வீட்டில் கழித்தார். உடலில் மின்னணுப் பட்டை இருந்தது. குறித்த நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்த அந்த நாள்களில்தான் அவர் அதிகம் தடுமாறினார். கடைக்குப் போகவே தயங்கினார். பழைய நண்பர்கள் தேடி வந்தனர். நாங்கள் துருவித் துருவிக் கேள்வி கேட்கவில்லை. இரவு உணவுக்கு நால்வரும் ஒன்றாக உட்காருவது என்று மட்டும் முடிவுசெய்தோம்.

சிங்கப்பூரில் 1998ல் விடுதலையானவர்களில் சுமார் 44 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் சிறைக்குச் சென்றனர். அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு இறங்கியுள்ளது. வேலை, பயிற்சி, கண்காணிப்பு எனப் பல காரணங்கள் உண்டு. திரும்பிச் செல்ல ஒரு வீடு இருப்பதும் அவற்றில் ஒன்று.

இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. பள்ளி ஆலோசகர், அருகிலுள்ள குடும்ப சேவை நிலையம், சிண்டா ஆகியோரிடம் பேசலாம். படிப்புச் செலவு குறித்தும் தயங்காமல் கேளுங்கள். உள்ளே இருப்பவருக்கு எழுத நினைத்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தவித்தால், இன்று பள்ளியில் நடந்ததை எழுதுங்கள். மற்றவை பின்னால் வரும்.