குடலில் நிற்கும் காவல்

தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ஆம் ஆண்டு எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அங்கே படிக்க வந்தவர்கள், இளம்பிள்ளை வாதம் கால்களை முடக்கிய பிள்ளைகள்.

இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸ் வாய்வழியே நுழைந்து குடலில் பெருகும். பெரும்பாலான குழந்தைகளின் உடல் அதை வெளியே தெரியாமலே அடக்கிவிடும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டும் அது தண்டுவடத்தை எட்டி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. அழிந்த அணு திரும்ப முளைப்பதில்லை. கொடுமை அங்கேதான்.

சொட்டு மருந்தில் இருப்பதும் அதே வைரஸ்தான், வலுவிழந்த நிலையில். அதை அடையாளம் கண்டதும் குடலின் உட்சுவர் எதிர்ப்புப் புரதங்களைச் சுரந்து வாசலிலேயே காவல் வைக்கிறது. ரத்தத்திலும் அவை சுற்றிவரும். நினைவு அணுக்கள் அந்த எதிரியைப் பல ஆண்டுகள் மறப்பதில்லை.

ஆனால் நம் நாட்டுக் குழந்தைகளுக்குச் சில தவணைகள் போதவில்லை. வேலூர் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் இதை 1970-களிலேயே சுட்டிக்காட்டினார். தவணைகள் கூடின. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் நாட்டில் கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரஸ் இன்னும் உலவுகிறது. அதனால்தான் இங்கே சொட்டு மருந்து முகாம்கள் நிற்கவில்லை.